வாசிகசாலைக் கதிரைகள்

அக்காவின் படிப்புக்கு உதவிப்பணம் கொடுக்கலாமா என்று வீடு பார்க்க ஆள் வருகிறது என்ற செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. வீட்டை உள்ளபடி காட்டவேண்டும் என்பது அக்காவின் கட்சி. வருகிறவரை மரியாதையாக வரவேற்கவேண்டும் என்பது அம்மாவின் கட்சி. அரியாலைக் கடலில் நண்டுவலை போடும் அப்பா இரண்டிலும் சேராமல் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்பது வயது. சாப்பாட்டு ஏற்பாடு அந்தப் பக்கம் இருந்ததால் நான் அம்மாவின் கட்சி.

அக்கா சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்துக்கும் ஏ எடுத்து, உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஒழுங்கையிலிருந்து அதற்கு முன் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. ஆனால் மூன்று பாடத்துக்கும் ரியூசன் காசு கட்ட அப்பாவின் நண்டுக் காசு போதவில்லை. உதவி கிடைக்காவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு, ரவுணில் ஒரு புடவைக்கடைக்கு வேலைக்குப் போவதென்று அக்கா தானே முடிவெடுத்து வைத்திருந்தாள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் சிலர் சேர்ந்து வசதியில்லாத மாணவர்களுக்கு மாதாமாதம் பணம் அனுப்புவதாகக் கேள்விப்பட்டு, கிராம அலுவலரான விதானையாரிடம் வருமானக் கடிதம் வாங்கி விண்ணப்பித்ததும் அவள்தான்.

எங்கள் வீட்டில் உட்கார இருந்தது கால் ஆடும் ஒரு மரவாங்கு மட்டுமே. அம்மா என்னையும் அப்பாவையும் வாசிகசாலைக்கு அனுப்பி நாலு பிளாஸ்டிக் கதிரைகள் எடுப்பித்தார். பக்கத்து வீட்டு மின்விசிறி வந்தது. நண்டு வாங்கும் கொம்பனிக்குப் போகவேண்டிய பெரிய நண்டுகள் எங்கள் கறிச்சட்டிக்குள் போயின.

“உங்களுக்கு விசரே அம்மா? இல்லாதவை எண்டு எழுதிக் குடுத்திட்டு, இருக்கிறவை மாதிரி நிண்டா ஆர் காசு தருவினம்?” அக்கா அழாக்குறையாகக் கேட்டாள்.

“இல்லை எண்டதைக் கடதாசியிலை குடுத்தாச்சுத்தானே பிள்ளை. வீட்டை வாற மனிசருக்கும் அதையோ குடுக்கிறது?” என்றார் அம்மா.

கதிரைகளின் முதுகில் வாசிகசாலையின் பெயர் சிவப்புப் பெயின்றில் எழுதியிருந்தது. முதுகுகள் எப்போதும் சுவரோடு இருக்கவேண்டும், அதற்கு நான் பொறுப்பு. அவ்வளவு பெரிய பதவி எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த, தலை நரைத்த ஒரு ஐயாதான் வந்தார். தொழில் எப்படிப் போகிறது என்று அப்பாவைக் கேட்டார். அப்பா வாய் திறக்குமுன் குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“குறை ஒண்டுமில்லை ஐயா. நல்லா இருக்கிறம்.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐயா இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு அக்காவின் கொப்பிகளைக் கேட்டார். அவள் ஒரு கட்டுப் பழைய கலண்டர்த் தாள்களைக் கொண்டுவந்தாள். போட்டோக்கொப்பி எடுக்க வசதியில்லாமல், பத்து வருடத்து வினாத்தாள்களையும் அந்தக் கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் கையால் எழுதி, படங்களும் கீறி வைத்திருந்தாள். வெளிச்சத்தில் பார்க்கவென்று ஐயா கதிரையைத் தூக்கி யன்னலடியில் போட்டு உட்கார்ந்தார். சிவப்பு எழுத்துகள் நடுவீட்டைப் பார்த்தன. நான் ஓடிப்போய்க் கதிரையின் முதுகோடு முதுகு ஒட்டி, சட்டையை இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு நின்றேன்.

“இவ்வளவும் நீரோ பிள்ளை எழுதினது?”

“ஓம் ஐயா. எழுதேக்கையே பாதி விளங்கீட்டுது. மற்றப் பாதிக்குத்தான் ரியூசன் வேணும்.”

அவர் ஒவ்வொரு தாளாகப் பிரட்டினார். எனக்குக் கால் உளைந்தது. ஆனாலும் நான் அசையவில்லை.

கடைசியில் எழும்பியவர், “கொஞ்சம் விலத்துங்கோ பிள்ளை” என்றார். விலத்தாமல் என்ன செய்வது? அவர் குனிந்து கதிரையைப் பிடித்தார். ஒரு கணம் அப்படியே நின்றார். அம்மா கையைத் துடைத்தபடி குசினியால் வெளியே வருமுன், அதைக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்து, மற்ற மூன்றோடும் நேராக இருக்கிறதா என்றும் பார்த்தார். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க லண்டனில் நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் கறி நல்ல ருசி என்று சொல்லிவிட்டுப் போனார்.

“எல்லாம் போச்சு” என்று அக்கா அன்று பின்னேரம் முழுக்க அழுதாள். மூன்று கிழமையில் கடிதம் வந்தது. உயர்தரச் சோதனை முடியும்வரைக்கும், பல்கலைக்கழகம் கிடைத்தால் அங்கே முதல் வருடத்துக்கும் உதவி. அம்மா அதை நண்டுக்கறியின் வெற்றி என்றார். நான் பள்ளிக்கூடத்தில், எங்கள் வீடு நல்ல வசதியான வீடு என்பதால்தான் பணம் தந்தார்கள் என்று சொல்லித் திரிந்தேன்.

அக்கா பொறியியல் படித்து முடித்து இப்போது பாலம் கட்டுகிறாள். அவள் பெயருக்கு முன்னால் இருக்கும் பொறியியலாளர் என்ற பட்டத்தை எங்கே கண்டாலும் நான் இரண்டு தரம் வாசிப்பேன். அவ்வளவு பெருமை எனக்கு. அம்மாவோ இன்றைக்கும் வருகிறவர்களுக்கெல்லாம் நண்டுக்கறியின் கதையைத்தான் சொல்கிறார். நானும் தலையாட்டுகிறேன். ஐயா அம்மாவுக்காக மறைத்து வைத்ததை நான் ஏன் திருப்பிக் காட்டவேண்டும்?

ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்தது, கதிரை சுவருக்குப் போய்விட்டது, நாங்கள் தப்பிவிட்டோம் என்பது மட்டும்தான். அவர் அந்தச் சிவப்பு எழுத்தை வாசித்துவிட்டுத்தான் கதிரையைத் திருப்பி வைத்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.