பெயரில்லாமல் படித்த கட்டுரை

அமெரிக்கத் தத்துவத்துக்கென்று சுவிற்சர்லாந்தில் ஒரு சங்கம் இருக்கிறது என்றால் எங்கள் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். அமெரிக்காவில் தத்துவம் எங்கே இருக்கிறது என்பார்கள். இருந்தாலும் அதற்கு இங்கே என்ன வேலை என்பார்கள். ஆனால் சங்கம் இருக்கத்தான் செய்கிறது. தலைநகர் பேர்ணில் கூடும். வருடத்துக்கு ஒரு மாநாடு, அதன் உரைகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு. சில வருடங்கள் நான் அதன் செயற்குழுவுக்குக் கூட்டக் குறிப்பு எழுதிக்கொடுத்தேன்.

மாணவியாக இருந்தபோது அந்த அமெரிக்கர்களின் ஒரு கேள்வி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒன்றை நம்புகிறாய் என்றால், அதனால் உன் நடத்தையில் என்ன மாறுகிறது? எதுவும் மாறவில்லை என்றால் நீ அதை நம்பவில்லை, வாயால் சொல்கிறாய், அவ்வளவுதான். இதைவிட நேர்மையான கேள்வியை நான் படித்ததில்லை. இன்றைக்கும் அந்தத் தத்துவத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அதை வைத்துப் பிழைக்கிறவர்களை நினைத்தால்தான் குமட்டுகிறது.

மாநாட்டின் முதல் உரைக்குக் கட்டுரைகளைப் பெயர் நீக்கித்தான் படிப்பார்கள். அலுவலகத்துப் பெண் பெயர்களை எடுத்துவிட்டு இலக்கம் போட்டு அனுப்புவார். யார் எழுதினார் என்று பார்க்காமல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது தங்கள் சங்கத்தின் உயிர்மூச்சு என்று தலைவர் ஒவ்வொரு வருடமும் சொல்லுவார். சொல்லிவிட்டு, தேர்ந்தெடுத்த கட்டுரையை யார் எழுதியிருப்பார் என்று ஊகிக்கிற விளையாட்டை அவரே தொடக்கிவைப்பார். சரியாகச் சொன்னவருக்கு ஒரு போத்தல் வைன். உயிர்மூச்சு அந்தப் போத்தல் வரைக்கும்தான்.

குறிப்பெழுதுகிறவருக்கு வாக்கு இல்லை, கருத்துச் சொல்லவும் கூடாது. ஆகையால் கட்டுரை அனுப்பத் தடையுமில்லை. நான் அனுப்பினேன். பல்கலைக்கழகத்தில் எனக்கு வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற வேலை. அடுத்த வருடம் நிரந்தர இடமொன்று வரவிருந்தது. முதல் உரை நிகழ்த்தி, அது தொகுப்பின் முதல் பக்கத்திலும் வந்துவிட்டால் அந்த இடம் ஏறக்குறையக் கைக்கு வந்த மாதிரி. அது தெரிந்துதான் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன்.

கட்டுரை சந்தேகத்தைப் பற்றியது. மலையில் வசந்தகாலத்துப் பழைய பனி மேலே கெட்டியாகவும் உள்ளே உளுத்தும் இருக்கும். அதன்மேல் நடக்கிறவர் சந்தேகப்படுவதில்லை. கால் உள்ளே போகிற கணத்தில்தான் சந்தேகம் பிறக்கிறது. கதிரையில் சாய்ந்துகொண்டு வேண்டுமென்றே வரவழைக்கிற சந்தேகம் சந்தேகமே அல்ல. இதுதான் வாதம். மிச்சமெல்லாம் அடிக்குறிப்புகள்.

கட்டுரை தேர்கிற கூட்டத்தன்று காலையில் செயற்குழுவின் ஐந்து பேரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். என் கட்டுரையைத் தலைவர் வானத்தில் ஏற்றினார். அவர் அப்பிளை நடுப்பகுதியோடு சேர்த்துக் கடித்துத் தின்று, விதைகளை மட்டும் நிகழ்ச்சிநிரல் தாளில் துப்புகிறவர். ஒவ்வொரு விதைக்கும் ஒரு பாராட்டாக வந்தது. துணைத்தலைவி, எப்போதும் என்னைக் கட்டியணைத்து வரவேற்கிறவர், "இதை எழுதியவர் மலையோடு பிறந்தவர். பனியைப் புத்தகத்தில் பார்த்தவருக்கு இப்படி எழுத வராது" என்றார். லொசானில் இருக்கிற, மலையேறுகிற பேராசிரியர்தான் என்று எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஐந்து கைகளும் உயர்ந்தன. நான் தலையைக் குனிந்தபடி அதையெல்லாம் எழுதினேன். காது சுட்டது.

பெயர்களை மதியத்துக்குப் பிறகுதான் திறப்பார்கள். சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வந்து ஆரா நகரில் இருக்கிற அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, என்ரை கட்டுரையைத்தான் முதல் உரைக்கு எடுத்திருக்கினம்."

"உண்மையாவோ? அப்ப அந்த வேலை?"

"கிடைக்கும் போலத்தான் கிடக்கு."

"நான் லீவு போட்டிட்டு வாறன். அம்மாக்கும் இப்பவே சொல்லுறன். நீ போய்ச் சாப்பிடு."

சாப்பிட முடியவில்லை. சந்தோஷத்தில் எனக்குப் பசி வராது.

மதியம் தலைவர் கணினியைத் திறந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "இது எங்களுடைய குறிப்பாளர்" என்றார். துணைத்தலைவி கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். தட்டி முடிந்ததும் யாரோ கோப்பிக் கோப்பையை நகர்த்தினார்.

"அருமையான கட்டுரை" என்று தலைவர்தான் தொடங்கினார். "ஆனால் ஒரு சின்ன விஷயம். அந்தப் பனி உதாரணம். அது கொஞ்சம் இரவல் வாங்கியதுபோல இருக்கிறது. அனுபவத்தைப் பேசுகிற தத்துவம் அல்லவா இது? உங்கள் சொந்த உலகத்திலிருந்து ஒன்றைப் போட்டால் எவ்வளவு பலமாக இருக்கும்."

"மழைக்காலம்" என்றார் துணைத்தலைவி. "வெள்ளம். அல்லது உங்கள் பெற்றோர் வந்த பயணம். முதல் உரையாக இல்லாமல், பின்னேரம் 'வெளியிலிருந்து வரும் குரல்கள்' அமர்வில் வைத்தால் உங்களுக்கும் இயல்பாக இருக்கும்."

காலையில் அதே வாயால் மலையோடு பிறந்தவர் என்றவர் அவர். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் குரலில் இருந்த பரிவுதான் அருவருப்பாக இருந்தது.

இங்கே பள்ளிக்கூடங்கள் குளிர் முடிகிற நேரத்தில் ஒரு கிழமைக்குப் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போகும். ஸ்கீலாகர், அதாவது பனிச்சறுக்கு முகாம், என்பார்கள். நான் ஆராவில் பிறந்தவள். என் வகுப்போடு நானும் போனேன். அங்கேதான் உளுத்த பனியில் இடுப்பளவு புதைந்து கணுக்காலை முறித்துக்கொண்டேன். அப்போது அறுவைச் சிகிச்சையில் வைத்த தகடு இன்னும் காலுக்குள் இருக்கிறது. குறிப்பெழுதுகிறவர் பேசக் கூடாது என்ற விதியை மீறி இதை அவர்களுக்குச் சொன்னேன். பெற்றோரின் ஊரான யாழ்ப்பாணத்து வெள்ளத்தை நான் தொலைபேசித் திரையில்தான் பார்த்திருக்கிறேன், இரவல் அதுதான் என்றும் சொன்னேன்.

தலைவர் உண்மையிலேயே ஆர்வத்தோடு கேட்டார். தலையை ஆட்டினார். "அப்படியா. ஆனால் சபையில் இருக்கிறவர்களுக்கு அது தெரியாதே" என்றார்.

"காலையிலிருந்து கட்டுரையில் ஏதாவது மாறியிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"ஒன்றும் மாறவில்லை. சந்தர்ப்பம் என்று ஒன்று இருக்கிறதல்லவா."

தகட்டை வெளியே எடுத்து மேசையில் வைத்திருந்தாலும் அவர் இதைத்தான் சொல்லியிருப்பார். பனியை மாற்ற மாட்டேன், பின்னேர அமர்வுக்கும் வர மாட்டேன், கட்டுரையை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர்கள் முகங்களில் தெரிந்த நிம்மதியை மறைக்கக்கூட ஒருவரும் மெனக்கெடவில்லை. முதல் உரைக்கு லொசான் பேராசிரியரையே கேட்கலாம் என்றார் ஒருவர். அவர் அந்த வருடம் கட்டுரையே அனுப்பியிருக்கவில்லை. ஐந்து கைகளும் மறுபடி உயர்ந்தன. துணைத்தலைவி என் தோளைத் தடவி, கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள், கூட்டக் குறிப்பை ஆறுதலாக நாளைக்கு அனுப்பினால் போதும் என்றார்.

குறிப்பும் அனுப்பவில்லை, அந்தப் பக்கம் பிறகு போகவுமில்லை. அன்றைக்குப் பின்னேரம் ஆராவுக்குப் போகிற ரயிலில் இருக்கும்போது அக்காவே போன் எடுத்தாள்.

"லீவு தந்திட்டாங்கள். அம்மா அயலட்டை முழுக்கச் சொல்லிப்போட்டா."

"இல்லையக்கா. அது சரிவரேல்லை."

"ஏன், கட்டுரை நல்லா இல்லையாமோ?"

"நல்லா இருக்காம். இந்த வருஷம் வந்ததிலை அதுதான் திறமாம்."

"பிறகென்னவாம்?"

"எழுதினது நான் எண்டு தெரிஞ்சுபோச்சு."

அக்கா இங்கே பிறந்தவள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.