மேலே சாட்டிலைட், கீழே ஒயர்

ஜி.பி.எஸ். கருவியோடு வேலை செய்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; நாங்கள் ப்ளக் பாயிண்ட் தேடி அலைந்தவர்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் அம்பத்தூரில் ஒரு சின்ன சர்வே கம்பெனியில் இருந்தேன். எந்தத் தோட்டத்தில் போர்வெல் இருக்கிறது, எந்த ஏரிக்கு எங்கே மதகு இருக்கிறது என்று போய்ப் பார்த்து வரைபடத்தில் குறித்துக் கொடுப்பது எங்கள் வேலை. மூன்று பேர் போவோம். சர்வேயர் சம்பத் சார், ஜீப் ஓட்டும் பூந்தமல்லி தாவூத் பாய், எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்த நான். கம்பெனியில் இருந்ததே ஒரே ஒரு கருவிதான். செங்கல் கனம். வெளிநாட்டிலிருந்து வந்தது. கெட்டுப்போனால் இங்கே பார்க்க ஆள் கிடையாது. அதைக் கையில் கொடுத்த அன்றே முதலாளி, "இது போச்சுன்னா நாம எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதாம்மா" என்றார். அன்றிலிருந்து எனக்குள் ஒரு சின்னக் கலக்கம் குடிவந்தது. ரயிலில் போகும்போது கைபேசியில் ஒரே ஒரு கோடு சார்ஜ் மிச்சம் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தக் கலக்கம்தான். எனக்கு அது வருடக்கணக்கில் இருந்தது.

செல் தின்னும் பெட்டி

அந்தக் காலத்து ஜி.பி.எஸ். போய் நின்றதும் இடத்தைச் சொல்லிவிடாது. முதலில் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், கொஞ்ச நேரத்தில் வேறொன்றைக் காட்டும். கிணற்றங்கரையில் நிற்கும் நம்மைப் பக்கத்துத் தெருவில் நிற்பதாகச் சொல்லும். அதனால் ஒரே இடத்தில் அரை மணி, முக்கால் மணி அசையாமல் வைத்திருந்து, வருகிற எண்களையெல்லாம் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டார்ச் லைட்டுக்குப் போடும் மாதிரி செல்கள்தான் அதற்கும். காலையில் புதிதாகப் போட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் திரையில் பாட்டரி படம் காலியாகிவிடும்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெட்டிக்கடையில்தான் செல் வாங்குவேன். தினமும் காலையில் போய் நிற்பேன். கடைக்காரர் சில நாள் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் செல்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, தாழ்ந்த குரலில் அக்கறையாகக் கேட்டார்: "ஏம்மா, ஊட்ல கரண்ட்டே இல்லியா? சொல்லு, நம்ம பையன் ஈபில கீறான், பேசி உடறேன்."

லாரி ஓனரின் உதவி

இதனால்தான் வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கும் கேபிள் வாங்கினோம். ஒரு முனை கருவியின் முதுகில் பொருந்தும். மறுமுனையை ஜீப்பில் சிகரெட் பற்றவைக்கும் துளையில் சொருக வேண்டும். எங்கள் ஜீப்பில் அந்தத் துளை எப்போதோ துருப்பிடித்துப் போயிருந்ததால், நானே அந்த முனையை வெட்டிவிட்டு, பாட்டரியைக் கவ்வும் இரண்டு கிளிப் போட்டிருந்தேன். நடுவில் ஒரு சின்ன ஃப்யூஸும் வைத்திருந்தேன். சிவப்பும் கறுப்பும் மாறிவிடக் கூடாது என்பதுதான் எனக்கு இருபத்துநாலு மணி நேர பயம்.

அம்பத்தூரை அடுத்த பாடியில் ஒரு லாரி ஷெட்டுக்குப் பின்னால் இருந்த கிணற்றைக் குறிக்கப் போனோம். ஜீப்பை ஓட்டிக்கொண்டு போக வழி இல்லை. லாரிகள் நெருக்கி நின்றன. ஷெட் ஓனர் நல்ல மனுஷர். "ஜீப் எதுக்கும்மா, நம்ம வண்டி பாட்டரி கீதே" என்றார். லாரிக்கு ஜீப்பைப்போல இரண்டு மடங்கு வோல்ட் வரும், என் கருவி அதைத் தாங்காது. இதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் என் கையிலிருந்த கிளிப்பை வாங்கிக் கவ்வவிட்டார். பட்டென்று ஒரு சத்தம். கேபிளிலிருந்து ஒரு கருகல் வாடை. திரை இருண்டது.

அங்கேயே ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். மூன்று பேர் சம்பளமும் அந்த இருண்ட திரையில்தான் இருந்தது. சம்பத் சார் கருவியிலிருந்து கேபிளைப் பிடுங்கி, பழைய செல்களைப் போட்டு பொத்தானை அழுத்திப் பிடித்தார். நிறைய நேரம் ஆன மாதிரி இருந்தது. திரை வெளிச்சமானது. போனது ஃப்யூஸ் மட்டும்தான். எனக்கு அழுகை வந்தது, அவருக்கும் கண் கலங்கியிருந்தது. லாரி ஓனர் மட்டும் கருவியைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உலகத்துல எல்லா இடமும் தெரியும்ன்றீங்க, லாரில நின்னுகினு கீறோமா ஜீப்ல நின்னுகினு கீறோமான்னு தெரியலியே அதுக்கு!"

பெண் பார்க்க வந்த மாலை

திருவேற்காட்டுக்கு அருகே மரகதம் அக்கா வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய போர்வெல். சந்து குறுகல், ஜீப் வராது. எங்களிடம் எலிமினேட்டர் என்று ஒரு பெட்டி இருந்தது. வீட்டுக் கரண்ட்டைக் குறைத்து, பாட்டரி மாதிரி கொடுக்கும். அவர்கள் வீட்டு ஹாலில் அதைச் செருகி, நீளமாக ஒயரை இழுத்துக் கொல்லையில் கருவியை வைத்தோம். மரகதம் அக்கா காபி கொடுத்துவிட்டு, "சீக்கிரம் முடிச்சுடுவீங்க இல்ல? சாயங்காலம் நம்ம பொண்ணு கோகிலாவைப் பாக்க வர்றாங்க" என்றார். ஏற்கெனவே இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது என்று கோகிலாவின் சித்தி எனக்குத் தனியாகச் சொன்னார்.

சராசரி முடியப்போகிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே. அவர்கள் உட்கார்ந்ததும் எலிமினேட்டர் உள்ளே எதுவோ தீய்ந்து வீட்டின் பீஸ் போய்விட்டது. ஃபேன் நின்றது, ட்யூப்லைட் அணைந்தது. சித்திரை மாதம், ஓட்டு வீடு. மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ, "சகுனம்…" என்று ஆரம்பித்ததும் மரகதம் அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்றும் எனக்கு மறக்கவில்லை. நான் ஓடிப்போய் எலிமினேட்டரைப் பிடுங்கினேன். சூட்டில் விரல் வெந்தது. பீஸ் கட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது உள்ளேயிருந்து கோகிலா தலை நிறையப் பூவோடு வந்தாள். யாரையும் கேட்காமல் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். மெயினை அணைத்து, பீஸ் கட்டையைக் கழற்றினாள். பக்கத்தில் விழித்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளையின் கையில் டார்ச்சைத் திணித்து, "மேல புடிங்க. இன்னும் மேல" என்றாள். அவரும் பிடித்தார். புதுக் கம்பி சுற்றி மாட்டியதும் ஃபேன் சுற்றியது. எல்லோரும் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார்கள். கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்ல மாசத்துக்கு ரெண்டு தடவை பீஸ் போவுது, இவன் மெழுகுவத்தியைத்தான் தேடுவான்."

குமணன்சாவடி பஸ்ஸில்

ஜீப் ஒர்க்‌ஷாப்பில் இருந்த ஒரு நாள், கருவியையும் ஒரு சின்ன பாட்டரியையும் கேபிளோடு ஒயர்கூடையில் போட்டுக்கொண்டு பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினேன். குண்டு பயத்தில் ஊரில் எங்கே பார்த்தாலும் "கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர்கள்" என்று எழுதி ஒட்டியிருந்த சமயம். உட்கார இடம் கிடைக்கவில்லை. கூடையை ஒரு சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியதில் கருவியின் பொத்தான் எதிலோ அழுந்தி அது உயிர்பெற்றது. அடுத்த குலுக்கலில் கேபிள் கழன்றது. வெளிக் கரண்ட் நின்றால் அது கத்தும். கத்தியது. பீப். பீப். பீப்.

சீட்டில் இருந்தவர் குனிந்து பார்த்தார். பெட்டி, அதிலிருந்து சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர். "ஐயோ" என்றார். அவ்வளவுதான். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் படிக்கட்டில் நெருக்கினார்கள். "என்னோடதுங்க, என்னோடதுங்க" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. காதில் வாங்கிய ஒரே ஆள் கண்டக்டர். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். குமணன்சாவடியில் பஸ் நின்றது. எல்லோரும் சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்கள். ஒருவர் கூடையைத் தூக்கிப் பக்கத்து வாய்க்காலில் வீசலாம் என்று யோசனை சொன்னார். ஆளைச் சந்தேகப்படுகிறார்களே என்பதைவிட, வாய்க்கால் என்ற சொல்தான் எனக்கு நடுக்கம் கொடுத்தது.

போக்குவரத்துக் கான்ஸ்டபிள் வந்தார். நான் கண்டக்டர் பிடியில் நின்றபடியே கம்பெனி அடையாள அட்டையைக் காட்டி, பிறகு நானே பஸ்ஸில் ஏறிக் கூடையை எடுத்து, பொத்தானை அழுத்தி அணைத்தேன். சத்தம் நின்றது. "வானத்துல சாட்டிலைட் இருக்கு சார், அதுலேர்ந்து…" என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஊட்லயே வயிறு நெறைய கரண்ட் ஊட்டிட்டு, தூங்க வெச்சு இட்டுகினு வாம்மா; இப்டி பசில அழவுட்டுகினு பஸ்ல வராத."

குவார்ட்டர்ஸ் மொட்டைமாடி

கான்ஸ்டபிள் சொன்னதைக் கேட்டதுதான் வினையாயிற்று. அதற்குள் முதலாளி சார்ஜ் ஏற்றக்கூடிய பாட்டரி ஒன்று வாங்கியிருந்தார். சனிக்கிழமை மாலை அதைக் கருவியோடு வீட்டுக்கு எடுத்துப்போனேன். வீடு ஆவடி குவார்ட்டர்ஸ். அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளம் வயதில் வந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலை, சார்ஜ் ஏறியிருக்கிறதா என்று பார்க்க மொட்டைமாடிக்குப் போய்க் கருவியை வானத்துக்குக் காட்டினேன். எதிர் பிளாக்கில் துணி காயப்போட்டவர் என்னைப் பார்த்தார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நான் இறங்கி வந்து இட்லியில் கை வைப்பதற்குள் செக்யூரிட்டிக்காரர்கள் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். அப்பா பாதி ஷேவிங்கில் இருந்தார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு வந்து, அவர்கள் சொன்னதைக் கேட்டார். மறு கன்னத்தைச் சிரைக்காமலே முகத்தைத் துடைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு, "வா" என்றார். அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு அப்படியே நின்றாள். ரிட்டயர் ஆக அப்பாவுக்குச் சில வருஷங்கள்தான் பாக்கி. வேலை போனால் வீடும் போகும். பாதுகாப்புத் தொழிற்சாலை வளாகத்தில் இடம் பதிக்கும் கருவியை நீட்டியிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

செக்யூரிட்டி அலுவலகத்தில் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். இத்தனை வருஷம் தினமும் சலாம் வைத்து உள்ளே போன அதே ஆபீஸில் அப்பாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அதிகாரி கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல நம்ம ஏரியா எத்தனை இடம் பதிஞ்சிருக்கு?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று ஒவ்வொரு பக்கமாகத் திறந்து காட்டினேன். சம்பத் சாருக்குத் தகவல் சொல்ல, அவரைக் கூப்பிட்டுத் தரும் பக்கத்து வீட்டு பி.பி. நம்பருக்குப் போன் போட்டோம். அவர் குளிக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். காத்திருந்தோம். அப்பா இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. திட்டினாலாவது தேவலை என்று இருந்தது. ஒரு தடவை மட்டும், நான் நடுங்குவதைப் பார்த்தோ என்னவோ, மேலே சுற்றிய ஃபேனை எழுந்துபோய்க் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மதியத்துக்குள் சம்பத் சார் ஈரத் தலையோடு ஸ்கூட்டரில் எங்கள் சர்வேக்கான அனுமதிக் கடிதத்தோடு வந்து சேர்ந்தார். அதிகாரி படித்தார். போன் செய்து யாரிடமோ பேசினார். பிறகு கருவியை என்னிடம் நீட்டி, "இனிமே இது கேட்டுக்குள்ள வரக்கூடாது" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்தோம். சம்பத் சார் ஸ்கூட்டரில் கிளம்ப, அப்பாவும் நானும் வெயிலில் நடந்தோம். எங்கள் பிளாக் வாசலுக்கு வந்ததும் அப்பா நின்றார். ஒரு கன்னம் மழுமழுவென்றும் மறு கன்னம் நரைத்த முள்ளாகவும், முதல் முறையாக என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏட்டி செல்வி, இனிமே டார்ச் லைட்டா இருந்தாலும் ஆபீஸ்லயே சார்ஜ் போட்டுட்டு வா."

அந்தக் கருவி நான் நின்ற இடத்தை ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. ஆனால் நான் நிற்கக் கூடாத இடங்களையெல்லாம் ஒன்று விடாமல் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டது.