பதினேழாம் நம்பர் ஊசி

பூங்காவனத்துக்குத் திருடி என்று பட்டம் கட்டி வேலையை விட்டு அனுப்பினார்கள். அனுப்பியவர் டாக்டர் சேதுராமன். பக்கத்தில் நின்று எனக்கு ஒன்றும் தெரியாது என்றவன் நான். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. அதில் பாதி எரிச்சல் என் மேல்தான்.

காஜா பெராங் சாலையில் டாக்டருக்கு ஒரு கிளினிக் இருந்தது. நான் அங்கே டிரஸர். மருந்து கலப்பேன், கட்டுப் போடுவேன். பூங்காவனத்தின் வேலை ஊசி கொதிக்கவைப்பது. அப்போதெல்லாம் ஊசிக்குழல் கண்ணாடியில் வரும். குழலிலும் அதற்குள் தள்ளுகிற தண்டிலும் ஒரே நம்பர் பொறித்திருக்கும். மாற்றிப் போட்டால் மருந்து கசியும். ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் கொதிக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் முன்னால்கூட அவள் இறக்க மாட்டாள். டாக்டரே கத்தினாலும் கடிகாரத்தைக் காட்டுவாள். புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பத்து வயதில் அவளுக்கு மலேரியா ஊசி இடுப்பில் போட்டார்கள். சரியாகக் கொதிக்காத ஊசி. சீழ் வைத்து இடது கால் சூம்பிப்போனது. அன்று முதல் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள்.

ஜப்பான்காரன் போனதும் திரும்பி வந்த வெள்ளைக்காரன் அபின் கடைகளை மூடினான். கடையை மூடினால் பழக்கமும் மூடிக்கொள்ளும் என்று நினைத்தான் போல. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் புகையை விட்டு மார்பியா ஊசிக்குப் போனார்கள். எட்டுப் பேருக்கு ஒரே ஊசி. நடுவில் குவளைத் தண்ணீரில் ஒரு முக்கு. கையெல்லாம் புண், காய்ச்சல், மஞ்சள்காமாலை. வைத்தியத்துக்கு வந்தால் டாக்டர் வாசலிலேயே விரட்டுவார்.

பூங்காவனம் விரட்டவில்லை. குழல் உடைந்தால் தண்டு மிஞ்சும், தண்டு உடைந்தால் குழல் மிஞ்சும். குப்பைக்குப் போகிற அந்த ஒற்றைகளைப் பால் டின்னில் சேர்த்துவைத்து, எது எதற்குள் பொருந்துகிறது என்று தள்ளித் தள்ளிப் பார்த்து ஜோடி சேர்ப்பாள். மழுங்கின ஊசியைக் கல்லில் தீட்டுவாள். கொதிக்கவைத்துப் பின்வாசலில் கொடுப்பாள். பழசைக் கொடுத்தால்தான் புதுசு என்பது அவள் சட்டம். புண்ணையும் கழுவிக் கட்டுவாள்.

அங்கே வந்தவர்களில் தாவூத் ஒருவர். சரக்குப் படகில் வேலை பார்த்து, முதுகு ஒடிந்து, வலி பொறுக்காமல் மார்பியாவைப் பிடித்துக்கொண்டவர். தன்னால் இதை விட முடியவில்லையே என்று அவர் அழுதபோது பூங்காவனம் சொன்னது எனக்குக் கேட்டது.

"ஒங்களத் திருத்துறது என் வேல இல்ல பாய். கையக் காட்டுங்க."

ஐம்பத்தேழில், சுதந்திரத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்தத் தவறு நடந்தது. டாக்டர் தினமும் காலையில் கிளேபாங்கில் ஒரு பங்களாவுக்குப் போவார். அங்கே ஒரு தவுக்கே, பெரிய வியாபாரி. மூன்று வருடமாக நாள் தவறாமல் ஊசி. நரம்புத் தளர்ச்சி என்று அதற்குப் பெயர். புட்டியில் இருப்பது மார்பியா. புட்டியை நிரப்பிக் கொடுப்பவன் நான். அன்று டாக்டர் பதினேழாம் நம்பர் குழலில் மருந்தை ஏற்றினார். மருந்து அவர் உள்ளங்கையில் வழிந்தது. உள்ளே இருந்தது முப்பத்திரண்டாம் நம்பர் தண்டு. முந்தின நாள் ஜோடி சேர்க்கும்போது பூங்காவனம் பதினேழின் தண்டைக் கை தவறி தாவூதுக்குக் கொடுத்த குழலில் போட்டுவிட்டாள்.

உடைந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். வாரத்துக்கு இரண்டு உடையத்தான் செய்யும். அவள் நடந்ததை அப்படியே சொன்னாள். டாக்டர் குதித்தார். புது நாடு பிறக்கப்போகிற நேரத்தில் களைக்குத் தண்ணீர் ஊற்றுகிறாயா என்றார். அந்தத் திருட்டுக் கூட்டத்திடம் போனது திரும்பி வராது, நீயும் திருடிதான் என்றார்.

"கிளேபாங் போற ஊசியையும் நான்தான் கொதிக்க வைக்கிறேன் டாக்டர்," என்றாள் அவள். "அந்தப் புட்டியில இருக்கிறதும் இதே மருந்துதான். டிரஸர் அண்ணனக் கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

அடுப்பில் ஊசிகள் கிடந்தன. இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது, இறக்கிவிடாதீர்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு, மதியமே புக்கிட் ரம்பாயில் இருந்த தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

ஒரு வாரம் கழித்துப் பின்வாசலில் தாவூத் நின்றார். கை தோள்வரை வீங்கியிருந்தது. மறு கையில் ஒரு காகிதப் பொட்டலம். டாக்டர் உள்ளே இருந்தார். நான் கதவைச் சாத்தினேன். கையைப் பார்க்கவில்லை, பொட்டலத்தையும் பிரிக்கவில்லை. நானெல்லாம் ஒரு டிரஸர்.

சுதந்திரம் வந்த இரண்டாம் நாள், கொடிகளை இன்னும் அவிழ்க்காத முன்வாசல் வழியாக தாவூதின் மனைவி சபியா வந்தாள். இரத்தத்தில் விஷம் ஏறிப் புருஷன் இறந்துபோனார் என்றாள். அதே பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள்.

"பழசத் திருப்பிக் குடுக்காமப் போகக்கூடாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அக்காகிட்ட குடுத்துருங்க."

டாக்டர் பிரித்தார். உள்ளே பூங்காவனம் கொடுத்த ஊசிக்குழல். தண்டை உருவி நம்பரைப் பார்த்தார். பதினேழு. அலமாரியிலிருந்து பதினேழாம் நம்பர் குழலை எடுத்து அதில் தள்ளிப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. செத்தவன் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. கிளேபாங் போக நேரமாகிறது, கொதிக்கவை என்று என்னிடம் நீட்டினார்.

கொதிக்கவைத்தேன். இருபது நிமிடம், ஒரு நிமிடம் குறையாமல். தவுக்கேயின் கைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே.