குழாய் வேண்டும் என்று எழுத இடமில்லை

ஊருக்கு ஒரு நல்லது வரப்போகிறது என்றால், அதற்கு முதல் திட்டு வாங்குகிறவன் ஆட்சேபணை மனு வாங்கும் குமாஸ்தாதான். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தேய்ந்துபோன சகாக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஐம்பதுகளின் கடைசியில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் ஒரு சின்ன பஞ்சாயத்து ஆபீஸில் எனக்கு அந்த வேலை. குடிதண்ணீர்க் குழாய்த் திட்டம் ஒன்று வந்திருந்தது. முப்பது நாள் ஜனங்களின் கருத்தைக் கேட்டு, நோட்டில் ஏற்றி மேலே அனுப்ப வேண்டும்.

சாரலில் கரைந்த சேதி

நோட்டீஸ் ஒட்டச் சொல்லி உத்தரவு வந்தது ஆனி மாசம். குற்றாலத்தில் சீசன் என்றால் எங்கள் சுவரெல்லாம் ஈரம். ஊதா மையில் நகல் எடுத்த நோட்டீஸைக் காலையில் ஒட்டினால் மத்தியானத்துக்குள் எழுத்து ஒழுகிவிடும். மூன்று தடவை ஒட்டிப் பார்த்தேன். நாலாம் தடவை பசை வாளியோடு நிற்கும்போது எதிர்க்கடை வெற்றிலைக்காரர் குரல் கொடுத்தார்: “அண்ணாச்சி, நோட்டீஸ் பாத்தேன். சாயம் நல்லா இறங்கிருக்கு. சேதிய மட்டும் நீங்களே சொல்லிருங்க.”

ஒரே கையெழுத்து

கீழத்தெருவுக்குக் குழாய் போக வேண்டுமானால் மேலத்தெருவைத் தோண்டித்தான் ஆக வேண்டும். மேலத்தெருவில் வயலும் தோப்புமாக இருக்கிற ஒரு பெரியவர் குடையோடு வந்தார். அவர் வீட்டில் வற்றாத கிணறு. “ஊருக்குக் குழாய் வேணும்லா. எங்க வாசலத் தோண்டாண்டாம்னுதான் சொல்லுதேன்” என்று மனுவை நீட்டினார்.

சாயந்திரத்துக்குள் அவர் தெரு முழுவதும் அதே மனுவோடு வந்து நின்றது. எழுத்துப்பிழை உட்பட எல்லாம் அதே. “எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கே, அண்ணாச்சி?” என்று பெரியவரிடம் கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை: “ஒரே தெருல்லா வே, அப்பிடித்தான் இருக்கும்.”

நாலு கட்டம்

கீழத்தெருவிலிருந்து பீடி சுற்றுகிற பேச்சியம்மாள் வந்தாள். “எங்களுக்குக் குழாய் வேணும்னு எழுதிக்கிடுங்க அண்ணாச்சி. ஆத்துல செந்தண்ணி வருது. அதக் குடிச்சுப் பிள்ளையளுக்கு வயித்தால போகுது” என்றாள். நான் நோட்டைத் திருப்பிக் காட்டினேன். நம்பர், பெயர், தெரு, ஆட்சேபணை, நாலே கட்டம். வேண்டும் என்று சொல்கிறவர்களுக்குக் கட்டம் இல்லை.

ஒரு வெள்ளைத்தாளில் எழுதி நோட்டோடு குத்தி வைத்திருக்கலாம். மேலே கேள்வி வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் செய்யவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. போகும்போது அவள் வாசலில் நின்று கேட்டாள்: “அப்போ வேண்டாங்குதவனுக்கு மட்டுந்தான் ஆபீஸா?”

ஈரத்தலையோடு விசாரணை

முப்பது நாள் முடிந்ததும் ஆட்சேபணைகளைக் கேட்க வைத்த பத்து மணி விசாரணைக்கு, மேலே இருந்து வர வேண்டிய அதிகாரி மூன்று மணிக்கு ஈரத்தலையோடு வந்தார். அருவியில் அன்றைக்குத் தண்ணீர் நன்றாக விழுந்ததாம். கீழத்தெருப் பெண்கள் காலையிலிருந்து சாரலில் நின்றிருந்தார்கள். அவர் நோட்டைப் புரட்டினார். “ஊரே வேண்டாம்னுதானே சொல்லுது? திட்டத்தைத் திருப்பி அனுப்பிடலாம்” என்று மூடப் போனார்.

பேச்சியம்மாள் உள்ளே வந்தாள். “ஆட்சேபணை இருந்தா மட்டும் சொல்லும்மா” என்றார் அதிகாரி.

“இருக்குய்யா. குழாய் வராம இருக்கதுல எங்களுக்கு ஆட்சேபணை. எழுதச் சொல்லுங்க.”

அதிகாரி வாயைத் திறக்குமுன் நான் எழுதிவிட்டேன். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக வந்து அதையே சொல்ல, நாலாவது கட்டம் பக்கம் பக்கமாக நிரம்பியது. “என்னம்மா, எல்லாரும் ஒண்ணையே சொல்றீங்க?” என்று அலுத்துக்கொண்டார் அதிகாரி. பேச்சியம்மாள் சொன்னாள்: “எல்லாரும் அந்த ஒரே செந்தண்ணியத்தானய்யா குடிக்கோம்.”

திட்டத்தைத் திருப்ப வழியில்லாமல் அதிகாரி நோட்டை மேலே அனுப்பினார். மறுவருஷம் கீழத்தெருவுக்குக் குழாய் வந்தது. என் சர்வீஸ் முழுக்க நான் எழுதிக் குவித்த ஆட்சேபணைகளில் தண்ணீர் கொண்டுவந்தவை அந்தச் சில பக்கங்கள்தான்.