விருப்பப் பட்டியலில் முதல் இடம்

என் பேத்தி ‘நட்டு’ மூன்று வயதிலேயே துணி துவைக்கும் இயந்திரத்தைத் தனியாகக் கழற்றி மாட்டியவள். சரி, மூன்று என்பது கொஞ்சம் கூடுதல். ஒன்பது வயது. மாட்டவும் இல்லை, கழற்றியதோடு சரி. ஆள் வரவழைத்து மாட்டினோம். அன்றிலிருந்து வீட்டில் அவள் நட்டுதான்.

அவளுடைய அப்பா, அதாவது என் மாப்பிள்ளை, லிப்ட் மெக்கானிக். அம்மா, என் மகள், ஒரு மென்பொருள் கம்பெனியில் மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கிறவள். அந்தத் திறமையை வீட்டில் இலவசமாகவே காட்டுவாள்.

நட்டு கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். இணையத்தில் ஒரு விருப்பப் பட்டியல். முதல் இடத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கா, கம்ப்யூட்டர் சயன்ஸா? அவள் மதிப்பெண்ணுக்கு முதலில் வைப்பது கிடைத்துவிடும். குறித்த நாளன்று மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். பிறகு யார் காலில் விழுந்தாலும் மாறாது.

நியாயமாக அப்பா மெக்கானிக்கல் பக்கமும் அம்மா கம்ப்யூட்டர் பக்கமும் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் எதுதான் நியாயமாக நடந்தது?

“கான்ட்ராக்ட்டைப் புதுப்பிப்பானா மாட்டானான்னு வருஷா வருஷம் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கேன். என் பொண்ணாவது ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்கட்டும்” என்றார் மாப்பிள்ளை.

“ஏசி ரூம்தான். போன மாசம் என் வரிசைல ஆறு பேரை ஒரே மெயில்ல வீட்டுக்கு அனுப்புனாங்க, டீ ஆறுறதுக்குள்ள. லிப்ட் நின்னா உங்களத்தானே கூப்பிடுறாங்க?” என்றாள் மகள்.

“கூப்பிடுவாங்க. ஞாயித்துக்கிழமையும் கூப்பிடுவாங்க.”

நட்டு வாயைத் திறந்தபோதெல்லாம், “நீ சும்மா இரு, உன் நல்லதுக்குத்தான் பேசுறோம்” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். திருமணமாகி இருபது வருடத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

விண்ணப்பத்தில் யாருடைய போன் நம்பரைக் கொடுப்பது என்பதிலும் சண்டை வந்து, கடைசியில் நடுநிலையாக இருக்கட்டும் என்று என் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். என்னைப் போய் நடுநிலை என்று நம்பிய குடும்பம்! கடவுச்சொல்லோ வீடு முழுக்க அறிந்தது. மின்கட்டணம் கட்டவும் அதேதான்.

கடைசி நாள் மதியம் என் போன் சிணுங்கத் தொடங்கியது. ‘உங்கள் முதல் விருப்பம்: கம்ப்யூட்டர் சயன்ஸ்.’ மாப்பிள்ளை குளியலறையில் இருந்தார். குழாய் ஓடியது, குளிக்கும் சத்தத்தைக் காணோம். அடுத்த செய்தி: ‘உங்கள் முதல் விருப்பம்: மெக்கானிக்கல்.’ மகள் மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போயிருந்தாள். துணி வாளி கீழேயே இருந்தது. இப்படி நாற்பது செய்திகள். நான் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை.

நாலே முக்காலுக்கு நட்டு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். பட்டியலைத் திறந்தவள், முதல் இடத்தில் கம்ப்யூட்டர் இருப்பதைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். பிறகு ஒரே தட்டு.

“பாட்டி, லாக் பண்ணப் போறேன். உங்க போனுக்கு ஓடிபி வரும், சொல்லுங்க.”

“எதை முதல்ல வச்சே?”

“மெக்கானிக்கல்.”

“நாளைக்கு அந்த வேலை போயிடுச்சுன்னா?”

“அழுவேன். பிடிக்காத வேலை போனா அழக்கூட வராது பாட்டி.”

ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடுவில் கொஞ்சம் தடுமாறினேன், கண்ணாடி சரியில்லை.

ஐந்தரைக்கு விஷயம், நட்டு என்னிடம் ‘அழுவேன்’ என்றது உட்பட, வெளியே வந்தது. “நான் நாலு தடவைதான் மாத்துனேன்” என்றார் மாப்பிள்ளை. “நானும் நாலுதான்” என்றாள் மகள். நம்பாமல் ஒருவரையொருவர் முறைத்துவிட்டு, இருவரும் நட்டுவைப் பார்த்தார்கள்.

“கிரீஸ் கறை சோப்புக்குப் போகாதும்மா. எதுக்குப் போகும்னு சொல்லித் தரேன், வா” என்றார் மாப்பிள்ளை, தோற்ற முகமே இல்லாமல். மகள், “அழாம இருந்தா சரி” என்று மூக்கை உறிஞ்சினாள்.

இதுவரை எழுதியதை நட்டு என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். என் போனை எடுத்து எண்ணினாள்.

“நாப்பது இல்ல பாட்டி, பன்னண்டு. அப்பா நாலு, அம்மா நாலு, கடைசியா நான் ஒண்ணு. மிச்சம் மூணு தடவை மாத்துனது நீங்கதானே?”