ஊதாச் சோளம் வெந்த தண்ணீர்

நல்லூர்க் கடையில் வாங்கிய ஊதா மக்காச்சோளத்தை வேகவைத்தபோது பாத்திரத்துத் தண்ணீர் கருஞ்சிவப்பாக மாறியது. அந்த நிறத்தில்தான் உடம்புக்கு நல்ல சத்து இருக்கிறதாம், பாக்கெட்டில் போட்டிருந்தது. ஆவி முகத்தில் பட்டதும் அடுப்பை அணைத்துவிட்டேன்.

இப்போது பனியன் குடோன் நிற்கிற இடத்தில் எங்கள் தோட்டம் இருந்தது. கிணற்றடியில் அம்மா நாலு உழவுசால் மட்டும் இந்தச் சோளத்தைப் போடுவார், விதைக்கதிர்களைத் தோகையோடு பின்னி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார், புகையில் அவை நாளெல்லாம் மெல்ல ஆடும், வேகவைத்ததைத் தின்ற எனக்கும் தம்பிக்கும் சாயங்காலம்வரை நாக்கு ஊதாவாகவே இருக்கும்.

மேற்கே சாயப்பட்டறை வந்த வருஷம், பக்கத்துப் பள்ளத்தில் ஒருநாள் பச்சையாகவும் ஒருநாள் சிவப்பாகவும் தண்ணீர் ஓடியது. அந்த வருஷம்தான் சோளம் வெந்த பானையை அப்பா எட்டிப் பார்த்தார்.

"சாயத்தண்ணி வேர்ல ஏறிருச்சு. கொழந்தைகளுக்குக் குடுக்காத."

"எங்கம்மா ஊட்டுல இருந்து கொண்டாந்த வெதைங்க. நெறமே இதுதானுங்க," என்றார் அம்மா.

அப்பா கேட்கவில்லை. விதைக்கதிர்களையும் சேர்த்து வாசலில் போட்டு எரித்தார். மணிகள் வெடிக்கிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

பிறகு கிணற்றிலிருந்து ஒரு சொம்பு இறைத்து, வெயிலுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார்.

"கண்ணாடியாட்டம் இருக்குது. குடி கண்ணு," என்றார்.

குடித்தேன். எப்போதும் இல்லாதபடி லேசாக உப்புக் கரித்தது. சொன்னால் கிணற்றையும் இல்லாமல் ஆக்கிவிடுவாரோ என்று பயந்து, வாயைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தைத் தம்பியிடம் நீட்டினேன்.