சோறாக்கும் புகைக்கு மார்க் இல்லை

இன்று கச்சிராயபாளையம் பஸ்ஸில் என் பக்கத்தில் மலைமேல் இருக்கும் கரியாலூரைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஒருவர் மகளுடன் உட்கார்ந்திருந்தார். பள்ளியில் மகளுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார்களாம்.

"பக்கத்து வூட்ல பொக வந்தா இன்னா பண்ணுவன்னு கேட்டுகிறாங்க. சோறாக்குறாங்கன்னு சும்மா இருப்பேன்னுட்டா. தீப்புடிச்சிச்சின்னு கத்தணுமாம், மார்க் இல்லியாம். மூள கம்மி, வேற பள்ளிக்கூடம் பாருங்கன்றாங்கம்மா."

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த முன் இருக்கைக்காரர் என்னிடம் திரும்பினார்.

"நாங்க கேட்டா கெடையாதுங்க. இதுங்களுக்கு மட்டும் குடுக்குறாங்க. இப்ப டெஸ்ட்டே சொல்லிடுச்சு, பாத்தீங்களா."

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். பிறகு அந்தத் தாயும் தலையாட்டினார். பள்ளியின் பெயரை அவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

நாளை அந்தப் பள்ளிக்குப் போய்ப் பேசப்போகிறேன். என் பதிலுக்கும் மார்க் இல்லை என்பார்களோ என்று பயமாக இருக்கிறது. துணைக்கு யார் வருகிறீர்கள்?